தீப்பொறி இல்லாத புல்லட்

சங்கரன்கோவில், சுரண்டை பக்கம் கிணற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் ஆயில் இன்ஜினைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். கரண்ட் எட்டாத தோட்டங்களில் தண்ணீர் இறைத்தது அதுதான். அதே இனத்து இன்ஜின் ஒன்றைப் புல்லட் சட்டத்துக்குள் வைத்து ஒரு கம்பெனியே பைக்காக விற்றது என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. கம்பெனி வைத்த பெயர் என்ஃபீல்டு டாரஸ். ஊரில் சொல்வது டீசல் புல்லட். கிரீவ்ஸ் லொம்பார்டினியின் 325 சிசி ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், புல்லட்டின் நாலு கியர் பெட்டி, வலது காலில் கியர். 1990-களில் சாலையில் இருந்தது. 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகியதும் நின்றுபோனது.

வாங்க நினைக்கிறவர்களை முதலில் தயங்க வைப்பது அதன் எண்கள். நிமிடத்துக்கு 3600 சுற்றில் 6.5 குதிரைச்சக்தி. எடை 196 கிலோ. உச்ச வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர். அதே காலத்துப் பெட்ரோல் புல்லட் 350-க்கு 18 குதிரைச்சக்தி இருந்தது. இன்றைய 100 சிசி வண்டிகளுக்கே இதைவிட அதிகம். ‘இழுக்காத வண்டி’ என்று அன்றும் ஒதுக்கினார்கள், இன்றும் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வண்டி மெதுவாகப் போவதற்கும், நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 70 கிலோமீட்டரை ஒட்டிக் கொடுப்பதற்கும், பேட்டரி செத்துப்போனாலும் ஓடுவதற்கும் காரணம் ஒன்றேதான்: அது எரிபொருளைப் பற்றவைக்கும் முறை. அதைப் புரிந்துகொண்டு வாங்குகிறவர்கள் விற்க மனசு வராமல் வைத்திருக்கிறார்கள்.

டாரஸில் பொறி தரும் ஸ்பார்க் பிளக் இல்லை, காயில் இல்லை, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் இல்லை. பற்றவைப்பது வெறும் காற்றின் சூடு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். உரசலால் சூடாகிறது என்று நினைப்போம், அது கொஞ்சம்தான். காற்றை நெருக்க நாம் செய்யும் வேலைதான் பெரும்பாலும் வெப்பமாக மாறுகிறது. டீசல் இன்ஜின் செய்வதும் இதையேதான், ஆனால் பல மடங்கு கடுமையாக. பழைய பெட்ரோல் புல்லட்டில் உள்ளே வந்த வாயு ஏழில் ஒரு பங்கு வாக்கில் சுருங்கும். சின்ன டீசல் இன்ஜின்களில் பதினெட்டில் ஒரு பங்கு வரை சுருங்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருநெல்வேலி வெயிலில் 35 டிகிரி சூட்டில் உள்ளே போகும் காற்றை வெப்பம் வெளியே கசியாமல் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் சூடு 700 டிகிரி செல்சியஸைத் தொடும். நிஜத்தில் சிலிண்டர் சுவரும் பிஸ்டன் தலையும் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் இடுக்கில் கொஞ்சம் காற்று நழுவும். ஐந்நூறு, அறுநூறு டிகிரி மிஞ்சும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 200 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே போதும். பிஸ்டன் மேலே வந்து முடிக்கும் நேரத்தில் அந்தக் காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சினால், பொறி எதுவும் இல்லாமலே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1893-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இதுதான். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவர் ஓட்டிக்காட்டிய இன்ஜின், எரிபொருளின் சக்தியில் கால்வாசிக்கும் மேல் வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி இன்ஜின்கள் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இப்படி ஒரு இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியது. அதை நம்பி இன்று டாரஸ் டேங்கில் செக்கு எண்ணெய் ஊற்றக் கூடாது. கெட்டியான எண்ணெய் சரியாகத் தூவாது, டீசலைத் தூவும் நாசில் முனையில் கரி கட்டி அடைத்துவிடும்.

கிக்கரை மிதிக்கும் முறையும் இந்தச் சூட்டிலிருந்துதான் வருகிறது. மெதுவாக அமுக்கினால் காற்றுக்குச் சூடு ஏறும், ஆனால் ஏறிய சூடு அப்போதே சிலிண்டர் சுவருக்குள் போய்விடும். வேகமாகச் சுருக்கினால்தான் சூடு காற்றிலேயே தங்கும். பதினெட்டில் ஒரு பங்காகச் சுருங்கும் காற்றை எதிர்த்து ஒரே மிதியில் அந்த வேகத்தைக் கொண்டுவர யாராலும் ஆகாது. அதற்குத்தான் டீகம்ப்ரஸர். அந்த லீவரைப் பிடித்தால் வால்வு லேசாகத் திறந்தபடி இருக்கும், காற்று சுருங்காமல் வெளியே போய்விடும். அந்த நேரத்தில் மிதித்து, இன்ஜினோடு சுழலும் சக்கரமான ஃப்ளைவீலைச் சுழல விட வேண்டும். சுழற்சி ஏறியதும் லீவரை விட்டால், கனமான ஃப்ளைவீல் தன் வேகத்தாலேயே பிஸ்டனை உச்சிக்குத் தள்ளிவிடும். இதில் கால் பலத்தைவிட லீவரை விடும் நேரம் முக்கியம். ஒல்லியான ஆட்கள் இரண்டாவது மிதியில் கிளப்புவதையும், பயில்வான்கள் வியர்த்துப்போய் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போகும் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் முடிவில் ஏறக்குறைய மூன்று டிகிரி குறையும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் காலையில் 22 டிகிரி என்றால், நெல்லையின் 35 டிகிரியோடு ஒப்பிடும்போது உச்சிச் சூட்டில் 40 டிகிரி போய்விட்டது. நல்ல ரிங் உள்ள வண்டிக்கு அது ஒரு பொருட்டில்லை. ரிங் தேய்ந்த வண்டி அன்றைக்குக் கிளம்பாது. வாங்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து நாசில். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மணிக்கு 45 கிலோமீட்டரில், லிட்டருக்கு 70 என்று போகும் டாரஸ் ஒரு மணி நேரத்தில் சுமார் 640 மில்லி டீசல் குடிக்கும். அந்த வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 2500 சுற்றை ஒட்டிச் சுழலும், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை டீசல் பாயும். வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு 9 கன மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு சொட்டுத் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனை சின்ன அளவை, காற்றழுத்தத்தைப் போல 150, 200 மடங்கு அழுத்தத்தில், நொடிக்கு இருபது தடவை, ஒவ்வொரு தடவையும் அதே அளவில் ஒரு பம்பு அனுப்புகிறது. கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. தள்ளிவிட ஒரு கேம், ஒரு உருளை, அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர் என்ற தண்டு, இவை மட்டும்தான். பிளஞ்சருக்கும் உருளைக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். அதற்கு எண்ணெய் போடுவதும் அதன் வழியே போகும் டீசலேதான். மண்ணெண்ணெய் கலந்த டீசல் பம்பைத் தின்றுவிடுவது இதனால்தான். மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு போதாது.

டேங்க் காலியாகும் வரை ஓட்டிவிட்டால் இன்னொரு தொல்லை: ஏர் லாக். அழுத்தினால் டீசல் சுருங்காது, காற்று சுருங்கும். பைப்புக்குள் ஒரு குமிழி இருந்தால் பம்பு எவ்வளவு தள்ளினாலும் குமிழி சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். நாசிலை மூடி வைத்திருக்கும் ஸ்பிரிங்கைத் தூக்கும் அழுத்தம் வராது. கடையத்தில் நண்பர் ஒருவரின் டாரஸ் இப்படி நின்றபோது வந்தவர் பைக் மெக்கானிக் இல்லை, பக்கத்துத் தோட்டத்து ஆயில் இன்ஜின் பார்க்கிறவர். நாசில் பக்கத்து நட்டை ஸ்பேனரால் அரைச் சுற்றுத் தளர்த்தி, கிக்கரை மெதுவாக அமுக்கச் சொன்னார். முதலில் நுரை வந்தது, அப்புறம் நுரையும் டீசலுமாக வந்தது, கடைசியில் குமிழி இல்லாத டீசல் தெறித்தது. நட்டை இறுக்கிவிட்டு, “ஏர் எடுத்தாச்சி அண்ணாச்சி, இனிம மிதிங்க” என்றார். வேலை அவ்வளவுதான்.

இனி மைலேஜுக்கு வருவோம். டீசலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேலே சக்தி இருக்கிறது. ஆனால் பெட்ரோல் புல்லட் 35 கொடுக்கும் இடத்தில் இது ஏன் இரண்டு மடங்கு கொடுக்கிறது? பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் ஏறக்குறைய 15-க்கு 1 என்ற எடை விகிதத்தில் இருந்தால்தான் பொறி பற்றும். சக்தி குறைவாக வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும். கார்புரேட்டர் காற்று வழியை அடைத்துக்கொள்கிறது. அடைத்த வழியில் காற்றை இழுக்கப் பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் மூச்சுத்திணறுகிறது. அந்த வேலை முழுக்க வீண். டீசல் இன்ஜினில் காற்று வழியை அடைப்பதே இல்லை. ஆக்ஸிலேட்டர் கூட்டுவதும் குறைப்பதும் டீசலை மட்டும். மேலே சொன்ன 45 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சிலிண்டருக்குள் தேவையைப் போல மூன்று மடங்கு காற்று இருக்கும். இதோடு அதிகமாகச் சுருக்கி எரிப்பதால், எரிந்த வாயு அதே அளவுக்கு விரிந்து, தன் சூட்டை வேலையாகக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போகிறது. சின்ன இன்ஜின், எப்போதும் தன் சக்தியில் நல்ல பங்கைச் செலவிட்டே ஓடுகிறது என்பதும் ஒரு காரணம்.

மெதுவாகப் போவதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் எல்லாம் கனமாக இருக்க வேண்டும். கனமானவற்றை 3600 சுற்றுக்கு மேல் ஆட்டுவது ஆபத்து. பீய்ச்சிய டீசல் ஆவியாகி, காற்றோடு கலந்து, எரிய நேரமும் வேண்டும். டீசல் என்றால் டார்க், அதாவது சுழற்றும் விசை, அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். டாரஸில் அது உண்மையில்லை. 3600 சுற்றில் 6.5 குதிரைச்சக்தி என்றால் டார்க் 13 நியூட்டன் மீட்டர்தான் வரும். கீழ்ச் சுற்றில் கொஞ்சம் கூடும். பெட்ரோல் புல்லட்டில் இதைப் போல இரண்டு மடங்கு உண்டு. மேட்டில் ‘திணறாமல் ஏறுகிறது’ என்று நாம் உணர்வது ஃப்ளைவீலின் கனத்தையும் கவர்னரின் வேலையையும். மேட்டில் சுற்று குறைந்தால் கவர்னர் தானாகவே டீசலைக் கூட்டிக் கொடுக்கும். பாபநாசத்திலிருந்து காரையார் போகும் ஏற்றத்தில் கியரைக் குறைத்துவிட்டு ஆக்ஸிலேட்டரை அசைக்காமல் வைத்திருந்தாலே போதும்.

காற்றை எதிர்த்துப் போவது வேறு கதை. ஆடி மாதத்தில் வள்ளியூரைத் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு பக்கம் போனால், காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று வண்டியையும் பிடித்துத் தள்ளும். எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் இருந்தால், 65-ல் போகும் வண்டிக்கு 95-ல் போவது போன்ற காற்றுத் தடை. தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். 6.5 குதிரைச்சக்தி அதற்குப் போதாது, வேகம் 50 பக்கம் இறங்கிவிடும். நாலு வழிச்சாலையில் பின்னால் பஸ்ஸும் லாரியும் வரும்போது இது பாதுகாப்பில்லை. அந்தச் சாலைக்கு இந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். இதற்கு ஏற்றது சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை என்று வாய்க்காலும் வயலுமாகப் போகும் சாலை. நாலாவது கியரில் 45-ல் வைத்துவிட்டால், ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். டீசல் உள்ளே போய்ப் பற்றுவதற்குள் சின்னத் தாமதம் இருக்கிறது. அதற்குள் சேர்ந்த டீசல் மொத்தமாகப் பற்றுவதால் வரும் தட்டல் சத்தம் அது. பழகினால் அதை வைத்தே இன்ஜினின் உடல்நிலை தெரியும்.

இதைச் சுத்தமான வண்டி என்று சொல்ல மாட்டேன். தூவிய டீசல் துளியின் நடுவில் காற்று எட்டாத இடத்தில் கரி உண்டாகிறது, அதைப் பிடிக்க எந்த வடிகட்டியும் இதில் இல்லை. இதன் உற்பத்தி நின்றதில் நியாயம் இருந்தது. தினமும் வேலைக்குப் போக இதை வாங்க வேண்டாம். பெட்ரோல் விலைக்கும் டீசல் விலைக்கும் இருந்த பெரிய வித்தியாசமும், 2014-ல் டீசல் விலைக் கட்டுப்பாடு எடுக்கப்பட்ட பிறகு குறைந்துபோனது. ஆசைக்காக வைத்து, நன்றாகப் பராமரித்து, விடுமுறையில் ஓட்டுகிறவர்களுக்கான வண்டி இது.

வாங்கப் போகும்போது காலையில் போங்கள், வண்டியை முன்கூட்டியே கிளப்பி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடான இன்ஜினில் தேய்ந்த ரிங் தெரியாது. லீவரைப் பிடிக்காமல் கிக்கரை மெதுவாக அழுத்திப் பாருங்கள்; கால் அப்படியே தடுத்து நிற்க வேண்டும், புஸ்ஸென்று இறங்கினால் ரிங்கோ வால்வோ போயிருக்கிறது. அப்புறம் புகை. கிளம்பியதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் சரி; நிற்காமல் வந்தால் டீசல் எரியாமல் வெளியே வருகிறது, காற்றைச் சுருக்கும் அழுத்தம் (கம்ப்ரஷன்) குறைவு. நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ஏற்றத்தில் கறுப்புப் புகை கொஞ்சம் வரும். சமதளத்திலும் வந்தால் ஏர் ஃபில்டரையோ நாசிலையோ பார்க்க வேண்டும்.

ஆர்சி புத்தகத்தைக் கவனமாகப் பாருங்கள். எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்றே இருக்க வேண்டும். பெட்ரோல் புல்லட்டில் டீசல் இன்ஜினைப் பின்னால் மாட்டிய வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. அனுமதி இல்லாத மாற்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி செல்லாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்சி புதுப்பித்திருக்கிறதா, பசுமை வரி கட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் நாசிலைக் கழற்றி, டிராக்டர் பம்பு சர்வீஸ் செய்யும் பட்டறையில் டெஸ்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிரீவ்ஸ் இன்ஜினில் ஓடும் டீசல் ஆட்டோக்களைப் பார்க்கிறவர்களுக்கும் இந்த வேலை பழக்கம். டெஸ்டரின் கைப்பிடியை அழுத்தும்போது டீசல் பனி போலத் தூவி, சட்டென்று வெட்டி நிற்க வேண்டும். முனையில் சொட்டு தங்கினால், நாசிலுக்கு ஆகும் செலவைக் கழித்துவிட்டு விலையைப் பேசுங்கள்.