காவல் சங்கிலி அல்ல, பாரமேற்புத் தொடர்

கணினித் தடயவியல் பற்றித் தமிழில் வரும் கையேடுகளிலும் பயிலமர்வுத் திரைகளிலும் ‘காவல் சங்கிலி’ என்றொரு சொல் திரிகிறது. திருகோணமலையில் சட்டத்தரணிகளுக்கும் கணினி மாணவர்களுக்குமென நடக்கும் அமர்வுகளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பேசுபவர் ‘செயின் ஒஃப் கஸ்டடி’ என்பார், திரையில் ‘காவல் சங்கிலி’ என்று விழும், பின்வரிசையில் ஒருவர் “என்ன, கைவிலங்கோ?” என்பார். சிரித்துவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவார்கள். கேட்டவரின் கேள்வி நியாயமானது என்று யாருக்கும் படுவதில்லை.

பொருள் எளிது. ஒரு சான்றுப்பொருள் கைப்பற்றப்பட்ட நேரத்திலிருந்து நீதிமன்றில் முன்வைக்கப்படும் வரை யார் யார் கையில் இருந்தது, எப்போது மாறியது, எதற்காக மாறியது, வைத்திருந்தவர் அதை என்ன செய்தார் என்பதன் இடைவெளியில்லாத பதிவு. வேர் என்று பார்த்தால் கஸ்டடி என்பது காவலாளைக் குறிக்கும் ‘குஸ்தோஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மொழிபெயர்த்தவர் அந்த வேரோடு நின்றுவிட்டார். சொல்லோ அங்கே நிற்கவில்லை. மணமுறிவு வழக்கில் பிள்ளை யார் பொறுப்பில் என்பதற்கும் அதே கஸ்டடிதான். பிறருடைய பங்குப் பத்திரங்களை வங்கி வைத்துக்கொள்வதும் கஸ்டடிதான். அங்கெல்லாம் காவல் என்றா எழுதுகிறோம்?

நம் பக்கத்தில் காவல் என்றதும் நினைவுக்கு வருவது தடுப்புக் காவல். முப்பது வருடப் போருக்குப் பிறகு கிழக்கில் அந்தச் சொல்லை வெறும் கலைச்சொல்லாகக் கேட்கக்கூடிய காது குறைவு. அதோடு சங்கிலியும் சேர்ந்தால் கட்டுண்ட மனிதன்தான் கண்முன் வருவான். ஒரு வன்தட்டு வராது. இது உணர்ச்சி பற்றிய முறைப்பாடு மட்டுமல்ல. காவல் என்றால் அது பொலிஸாரின் வேலை என்று பயிலுநர் எடுத்துக்கொள்கிறார். ஆய்வுகூடத்தில் இருக்கும் நிபுணரும், தன் கம்பனியின் மடிகணினியை முதன்முதலில் திறந்துபார்க்கும் தகவல் தொழில்நுட்ப அலுவலரும் ‘இது எனக்குரியதல்ல’ என்று இருந்துவிடுகிறார்கள். இன்னொரு பகுதியினர் பொருளை அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் காவல் நிறைவேறிவிட்டது என்று நம்புகிறார்கள். பூட்டிய அலுமாரிக்குள் இருந்தாலும், அலைபேசி வலையமைப்பில் இணைந்திருந்தால் தூரத்திலிருந்தே அதை அழித்துவிடலாம். அதனால்தான் அலைவரிசை புகாத உறையில் இடுகிறார்கள். கணினியில் வன்தட்டைச் சும்மா செருகினாலே சில கோப்புகளின் நேரக்குறிகள் மாறிவிடும். அதனால்தான் எழுதுவதைத் தடுக்கும் கருவியை இடையில் வைத்து, துணுக்குத் துணுக்காக, அதாவது ஒரு ‘பிட்’ கூட விடாமல், படி எடுத்து, ஆய்வைப் படியில் செய்கிறார்கள். மூலத்துக்கும் படிக்கும் ஹாஷ் பெறுமானம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணித்தெடுக்கும் கைரேகை போன்ற அடையாளம், ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்.எச்.ஏ 256 முறையில் அது 64 எழுத்தெண்களாக வரும். மூலத்தில் ஒரு துணுக்கு மாறினாலும் முற்றிலும் வேறாக வரும். இதில் காவல் எங்கே இருக்கிறது? வாங்கியவர் வாங்கியபடியே கொடுத்தாரா என்பதுதான் முழுக் கேள்வியும்.

இந்தக் கேள்விக்கு எங்கள் பேச்சிலேயே சொல் இருக்கிறது. புதிய அதிபர் பாடசாலையைப் பாரமெடுக்கிறார். கண்டெடுத்த பையைப் பொலிஸில் பாரங்கொடுக்கிறோம். கோயிலில் நிர்வாகசபை மாறினால், பழையவர்கள் சுவாமி நகைகளைப் பாரங்கொடுக்க, புதியவர்கள் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொன்றாக நிறுத்து, பதிவேட்டில் ஒப்பம் வைத்துப் பாரமெடுப்பார்கள். நிறை குறைந்தால் அந்த இடத்திலேயே கேள்வி எழும். தராசு செய்வதைத்தான் ஹாஷ் செய்கிறது. ஆகவே ‘பாரமேற்புத் தொடர்’ என்கிறேன். அதை எழுதிவைக்கும் ஏடு ‘பாரமேற்புப் பதிவேடு’. இதை விளக்க ஒரு திரை கூடத் தேவைப்படாது.

தூய தமிழ் நண்பர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்: பாரம் வடசொல். உண்மைதான். சங்கிலியும் வடசொல்தான், அதைப் பற்றி அவர்கள் வாய் திறந்ததில்லை. பாரம் வேண்டாமென்றால் பொறுப்பு இருக்கிறது. பொறு என்றாலே சுமத்தல், தாங்குதல். ஆனால் ‘பொறுப்பேற்பு’ என்ற கூட்டுச்சொல் செய்தித் தமிழில் வேறு வேலைக்குப் போய்விட்டது. குண்டு வெடித்தால் ஓர் அமைப்பு பொறுப்பேற்கும். ரயில் தடம் புரண்டால் அமைச்சர் பொறுப்பேற்பார். சான்றைப் பொறுப்பேற்ற அலுவலர் என்று எழுதினால், குற்றத்தையே ஏற்றுக்கொண்டவர் போலத் தொனிக்கிறது. ‘கைமாற்றுத் தொடர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கைமாற்று என்றால் சந்தைக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் வாங்கும் வட்டியில்லாக் கடன். இலங்கைச் சட்டத் தமிழில் உள்ள ‘கட்டுக்காப்பு’ காவலைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் வைத்திருத்தலைச் சொல்கிறதே தவிர, கை மாறுதலைச் சொல்லவில்லை. உயிர்நாடி மாறும் அந்தக் கணத்தில் இருக்கிறது.

தொடர் என்பதைச் சங்கிலிக்குப் பதிலாக நான் திணிக்கவில்லை. பழந்தமிழில் தொடர் என்றாலே சங்கிலி. சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை தன்னைத் ‘தொடர்ப்படு ஞமலி’யோடு, அதாவது சங்கிலியில் கட்டிய நாயோடு, ஒப்பிட்டது புறநானூற்றில் 74ஆம் பாட்டு. இன்று அந்தக் கட்டு கழன்று, ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்ற பொருளே நிற்கிறது. நமக்கு வேண்டியதும் அதுவே.

பாரத்தில் இன்னொரு வசதி, அது வாண்மை நெறியையும், அதாவது தொழில் செய்பவருக்குரிய நெறியையும், சேர்த்துச் சுமக்கிறது. ஒருவரின் அலைபேசியைப் பாரமெடுத்தவர் அதற்குள் இருக்கும் குடும்பப் படங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் கடன் கதைகளையும் சேர்த்தே பாரமெடுக்கிறார். திருகோணமலை சின்ன ஊர். ஆய்வாளருக்கும் அலைபேசிக்காரருக்கும் பொதுவாக ஒரு மைத்துனராவது இருப்பார். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், விசாரணையில் ஈடுபடும் எவரும் அங்கே அறிந்ததை இரகசியமாகப் பேண வேண்டுமென்று சொல்கிறது. பொலிஸார் மட்டுமல்ல, உதவிக்கு வரும் நிபுணரும் அதற்குள் அடக்கம். சட்டம் சொல்லாத இடத்திலும் நெறி உண்டு: கேட்டதற்கு அப்பால் துழாவக்கூடாது, கண்டதில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதை மறைக்கக்கூடாது, இவர்தான் குற்றவாளி என்று தீர்ப்புக் கூறக்கூடாது, அது நீதவானின் வேலை. காவலாளியிடம் இதையெல்லாம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. பாரமெடுத்தவரிடம் எதிர்பார்ப்போம்.

இந்த நெறியை ‘தொழில் ஒழுக்கம்’ என்று எழுதுவதும் எனக்கு உவப்பில்லை. அரச அலுவலருக்கு ஒழுக்கம் என்றதும் ஒழுக்காற்று விசாரணைதான் நினைவுக்கு வரும். ஆனால் அதை இன்னொரு நாள் பார்ப்போம். மொழிபெயர்ப்பாளர்கள் மீதுள்ள என் பொதுவான குறை ஒன்றுதான்: சொல்லை அகராதியில் தேடுகிறார்கள், அந்த வேலையைச் செய்கிறவரிடம் கேட்பதில்லை. இங்கே களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவரிடம் “சாமான் கை மாறுவதை என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் வந்திருக்கும்.

கலைச்சொல்லை வாக்கியத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் கணினிச் சான்றுகளுக்கு வழி திறந்த நாளிலிருந்து, அவற்றைக் குறுக்கு விசாரணையில் சோதிப்பது எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் உரிமை. அவர் தமிழில் எப்படிக் கேட்பார்? “காவல் சங்கிலி எங்கே உடைந்தது?” என்றால் சாட்சிக் கூண்டில் நிற்பவர் விழிப்பார். “இந்த வன்தட்டை வெள்ளிக்கிழமை பாரங்கொடுத்தவர் நீங்கள். திங்கட்கிழமை பாரமெடுத்தவர் இவர். இடையில் இரண்டு நாள் யார் பாரத்தில் இருந்தது?” என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.