முத்திரை அன்று, கட்டணப் பொறிப்பு

"உறைகளை முத்திரையிட்டு, அளவுவாரியாக அடுக்கி, முத்திரை இயந்திரத்திற்கு அனுப்பவும்." ஓர் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த இந்த அறிவிப்பை நம்பி, புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நாற்பது உறைகளின் வலது மேல் மூலையில் அலுவலக ரப்பர் முத்திரையை ஊதா மையில் குத்தி வைத்திருந்ததை நேரில் கண்டேன். இயந்திரம் அதே மூலையில் சிவப்பாகப் பதித்த தொகையும் தேதியும் ஊதாவுக்குள் மறைந்துபோயின. அறிவிப்பை எழுதியவர் முதல் 'முத்திரை'யால் உறையின் வாயை ஒட்டுவதையும், இரண்டாவதால் அஞ்சல் கட்டணத்தை உறைமேல் அச்சிடும் பிராங்கிங் மெஷினையும் குறித்திருக்கிறார். இளைஞரோ அச்சொல்லுக்குத் தமிழில் உள்ள பொருளையே செய்தார். பிழை அவருடையதன்று.

'பிராங்க்' என்பது 'தளையற்ற' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையொப்பம் உறைமேல் இருந்தால் கடிதம் கட்டணமின்றிச் செல்லும் சலுகைக்கு அது பெயரானது. 1840இல் அந்தச் சலுகை ஒழிந்தது. பெயர் மட்டும் தங்கி, பின்னர் அஞ்சல்தலைக்கு மாற்றாகக் கட்டணத்தை உறைமேலேயே அச்சிடும் இயந்திரத்தைச் சேர்ந்தது.

இதை 'முத்திரை இயந்திரம்' என்போர், முத்திரைத்தாள், முத்திரைத்தீர்வை என்று அரசே எழுதுகிறதே என்பார்கள். அங்கே ஒரு முத்திரைதான் உண்டு. அஞ்சலிலோ ஏற்கெனவே கூட்டம். இலங்கைத் தமிழில் அஞ்சல்தலையே முத்திரை. தமிழ்நாட்டில், ஒட்டிய தலையை மறுபடி பயன்படுத்தாதபடி அஞ்சலகம் குத்துவது முத்திரை. இயந்திரம் தேதியோடு பதிக்கும் உறைக்கு அந்தக் குத்தே தேவையில்லை என்பதால், எது வேண்டாமோ அதன் பெயரையே இயந்திரத்திற்கு வைத்திருக்கிறோம். போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் 'சீல்' எனப்படும், பசை தடவி மூடுவதையும் மொழிபெயர்ப்பாளர்கள் 'முத்திரையிடுதல்' ஆக்கிவிட்டார்கள். அரக்கு உருக்கி ஊற்றிய காலத்தில் அது பொருந்தியது. இன்று எந்த வீட்டிலும் கடித உறைக்கு யாரும் முத்திரையிடுவதில்லை, வாயை ஒட்டுகிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் முதல் பொருளை எடுத்து வைப்பவர்கள், அந்த வேலையைச் செய்யும் கை என்ன செய்கிறது என்று ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

நமக்குச் சொல் இல்லாமலும் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்க அலுவலர்கள் பொதிகளின்மேல் சோழரின் புலிச் சின்னத்தை இட்டு வெளியே விடுவதைப் பட்டினப்பாலை 'புலி பொறித்துப் புறம்போக்கி' என்கிறது. அதிகாரம் பெற்றவர் பொருளின்மேலேயே குறியிட்டு அனுப்பும் அந்தச் செயலுக்குப் பொறித்தல் என்பதே பெயர். ஆகவே செயலைக் 'கட்டணப் பொறிப்பு' என்றும், கருவியைக் 'கட்டணப் பொறிப்பி' என்றும் சொல்வதே என் கருத்து. 'கட்டணப் பொறி' என்று சுருக்க வேண்டாம். பொறி இயந்திரத்தையும் குறிக்கும் என்பதால் பழைய குழப்பம் திரும்பிவிடும். தூய சொல் வேண்டாதவர்கள் பிராங்கிங் மெஷின் என்றே எழுதட்டும். அதுவாவது யாரையும் தவறான மூலைக்கு அனுப்பாது.

அந்த அறிவிப்பை இப்படி எழுதியிருக்கலாம்: "ஒரே அளவுள்ள உறைகளைச் சேர்த்து, முகவரி மேலே தெரியும்படி அடுக்கவும். ஊசி, கிளிப் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. வாயை ஒட்ட வேண்டாம், இயந்திரமே ஒட்டும். வலது மேல் மூலையில் எதையும் எழுதவோ குத்தவோ வேண்டாம். அங்கேதான் கட்டணம் பொறிக்கப்படும். தடித்த உறைகளைத் தனியே வைக்கவும்; அவற்றுக்குக் கட்டணத்தைச் சீட்டில் பொறித்து ஒட்டுவோம்."