ஆர்க்கைவ்: காப்பகமா, களஞ்சியமா?

பல்கலைக்கழகத் தளங்களில் 'டிஜிட்டல் ஆர்க்கைவ்' என்று ஒரு பக்கம் இருக்கும், திறந்தால் ஆய்வேடுகளும் பழைய புகைப்படங்களும் கலந்து கிடக்கும். இதைத் தமிழில் எழுதும்போது மின்காப்பகம், களஞ்சியம், ஆவணகம் என்று கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். மூன்றும் ஒன்றல்ல.

கிரேக்கத்தில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் ஆர்கோன், அவருடைய மாளிகை ஆர்கையோன். அரசுப் பத்திரங்களை அங்கேதான் வைத்தார்கள், அந்தச் சொல்தான் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

நம்முடைய 'ஆவணம்' இன்னும் சுவையானது. பழந்தமிழில் கடைத்தெருவுக்கும் அதே பெயர். அகநானூறு 77ஆம் பாட்டில் 'ஆவண மாக்கள்' வருகிறார்கள்: கயிற்றால் கட்டிய குடத்தின் மேலுள்ள முத்திரையைப் பார்த்து, பிறகே அதை உடைத்து உள்ளிருக்கும் ஓலையை எடுக்கிறவர்கள். (கழுகு பிணத்தின் குடலை இழுப்பதற்கு உவமை இது, சாப்பிடும்போது படிக்க வேண்டாம்.) ஓலை மட்டும் போதாது, அது யாரும் கைவைக்காத ஓலை என்றும் தெரிய வேண்டும். ஆர்க்கைவின் வேலையும் அதுதான், அதனால் ஆவணக்காப்பகம் அல்லது சுருக்கமாக ஆவணகம் சரி. வெறும் 'காப்பகம்' என்றால் முதியோர் இல்லம்தான் நினைவுக்கு வருகிறது.

ஒரு பழைய புகைப்படத்தின் பின்பக்கம் பென்சிலில் நாலு பெயரும் ஒரு வருடமும் இருக்கிறது என்று வையுங்கள். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தால் கிடைப்பது படம். பின்பக்கத்தையும் எடுத்து, யார் எடுத்தது, யாருடைய தொகுப்பிலிருந்து வந்தது என்று குறித்தால்தான் ஆவணம். மெட்டாடேட்டா எனப்படும் இந்தக் குறிப்புக்குத் தமிழில் மீதரவு. இதை எழுதப் பரவலாகப் பயன்படும் 'டப்ளின் கோர்' முறையில் 15 கூறுகள் உண்டு, அந்த டப்ளின் அயர்லாந்தில் இல்லை, அமெரிக்காவின் ஒஹாயோவில் இருக்கிறது.

அப்புறம் ரெபாசிட்டரி. லத்தீன் வேர் 'திரும்ப வைப்பது'. ஆய்வாளர் தன் கட்டுரையைத் தானே கொண்டுவந்து போடும் இடம், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் ஹெச்பி கணினி நிறுவனமும் 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் மென்பொருள் இதற்கானதுதான். நெல்லைக் கொட்டி வைத்து வேண்டும்போது அள்ளுகிற களஞ்சியம் இதற்குக் கச்சிதம்.

'டிஜிட்டல்' லத்தீனில் விரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, விரல்விட்டு எண்ணுகிறோமே, அது. அதனால் 'எண்ணிம' பொருந்துகிறது. 'மின்' எனக்குப் பிடிக்காது, மின்விசிறியும் மின்தானே. டிஜிட்டல் என்றே எழுதினாலும் குற்றமில்லை.

சரி, ஆய்வேடு மட்டும் உள்ள தளம் என்றால் ஆய்வுக் களஞ்சியம். புகைப்படமும் கடிதமும் சேர்ந்திருந்தால் எண்ணிம ஆவணகம் என்றுதான் நான் எழுதுகிறேன்.