தகவமைப்பு மேலாண்மை: சொல் விளக்கம்

கடல் காற்றாலை, துறைமுக விரிவாக்கம், கடலடி மின்வடம் போன்ற பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் ஆவணங்களில் ‘அடாப்டிவ் மேனேஜ்மென்ட்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். தமிழில் இதைத் தகவமைப்பு மேலாண்மை என்கிறோம். சூழலைக் காக்கச் செய்த ஏற்பாடு பலன் தருகிறதா என்று தொடர்ந்து கண்காணிப்பது, தராவிட்டால் காரணத்தைக் கண்டறிந்து ஏற்பாட்டை மாற்றியமைப்பது என்பது இதன் பொருள். மாற்றியமைக்கப் பணம் வேண்டும். அது யார் கையிலிருந்து, எப்போது வரும் என்று எழுதாத ஆவணத்தில் இந்தச் சொல் இருந்தும் பயனில்லை.

சொல்லின் வேர் லத்தீன். ‘ஆப்டஸ்’ என்றால் பொருந்தியது. ‘மேனேஜ்மென்ட்’ கையைக் குறிக்கும் ‘மானுஸ்’ என்பதில் தொடங்கி, குதிரையைக் கையாள்வதைக் குறித்த இத்தாலியச் சொல் வழியாக வந்தது. இரண்டும் இணைந்து ஒரு துறைச்சொல்லாக நிலைபெறக் காரணமானவர் கனடாவைச் சேர்ந்த சூழலியலாளர் சி. எஸ். ஹாலிங். 1978இல் அவர் பதிப்பித்த நூலின் தலைப்பிலேயே இவ்விரு சொற்களும் இருக்கின்றன. அடுத்து 1986இல் கார்ல் வால்டர்ஸ் இதைப் புதுப்பிக்கத்தக்க வளங்களின் மேலாண்மைக்கு விரித்து எழுதினார். இயற்கையைப் பற்றி எல்லாம் தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருக்க முடியாது. ஆகவே எடுக்கும் முடிவையே ஒரு சோதனைபோல் நடத்தி, அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான். எதை அளப்போம், அளவு எவ்வளவு குறைந்தால் தலையிடுவோம், அப்போது என்ன செய்வோம் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்தால்தான் அது தகவமைப்பு மேலாண்மை. ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவதற்கு இந்தப் பெயரைச் சூட்டுவது தவறு.

கூடவே வரும் ‘காம்பென்சேஷன்’ என்பதையும் பார்த்துவிடலாம். திட்டத்தால் இயற்கைக்கு நேரும் இழப்பை வேறு வகையில் ஈடுகட்டுவதை இது குறிக்கும். ஒன்றோடொன்றை வைத்து எடைபோடுதல் என்பது அதன் லத்தீன் பொருள். தமிழில் பலர் ‘இழப்பீடு’ என்று எழுதுகிறார்கள். இழப்பீடு என்றதும் ஒருவர் கையில் கொடுக்கும் பணம்தான் நமக்கு நினைவுக்கு வரும். கூடு இழந்த பறவைக்குப் பணத்தால் ஆவது ஒன்றுமில்லை. அதற்குக் கூடுதான் வேண்டும். அதனால் ‘ஈடுசெய் நடவடிக்கை’ என்பதே இங்கே சரி.

இங்கிலாந்தின் கிழக்குக் கடலில் அமையும் ஹார்ன்சீ 3 காற்றாலைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் அதற்கு அனுமதி கிடைத்தபோது, ஃபிளாம்பரோ, ஃபைலி கடற்கரைப் பாறைகளில் கூடுகட்டும் கிட்டிவேக் என்ற கடற்காகங்களுக்கு ஏற்படக்கூடிய இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. அதற்காக சஃபோக் கரையை ஒட்டிக் கடலில் செயற்கைக் கூடுதளங்கள் எழுப்பப்பட்டன. செங்குத்துப் பாறையின் ஒடுக்கமான விளிம்புகளில் கூடு வைப்பது இந்தப் பறவையின் வழக்கம் என்பதால், தளத்தின் சுவர்களிலும் அப்படியே வரிசை வரிசையாக விளிம்புகள்.

கட்டிவிட்டால் பறவை வந்துவிடுமா? வராமலும் போகலாம். அப்படியானால் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடலாம், பொம்மைப் பறவைகளை வைத்துப் பார்க்கலாம், விளிம்பின் அமைப்பை மாற்றலாம். வந்து முட்டையிட்டும் குஞ்சு தேறவில்லை என்றால் சிக்கல் வேறு. மணலில் புதைந்து வாழும் சிறுமீன்தான் கிட்டிவேக்கின் முக்கிய இரை. அது கடலில் குறைந்துபோனால் எத்தனை விளிம்பு கட்டியும் பயனில்லை, மீன்வளத்தின் பக்கம் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு படிக்கும் செலவு வேறு, ஆள் வேறு, அனுமதியும் வேறு. இந்தப் பறவை இனப்பெருக்கம் செய்யும் வயதுக்கு வரவே ஏறத்தாழ 4 ஆண்டுகள் ஆகும். ஆகவே முதல் ஆண்டுக் கணக்கை வைத்து வெற்றி என்றோ தோல்வி என்றோ சொல்லிவிட முடியாது. காற்றாலையோ பல பத்தாண்டுகள் ஓடும். அத்தனை காலமும் கண்காணிப்புக்கும் திருத்தத்துக்கும் பணம் இருந்தாக வேண்டும்.

திட்டத்தை நடத்தும் நிறுவனமே நேரடியாகச் செலவழிப்பது ஒரு வழி. அப்போது தோல்வியின் சுமை அதன் தலையில் இருக்கும். நிறுவனம் கைமாறினாலும் கடமை தொடரும்படி அனுமதி ஆணையில் எழுதியிருக்க வேண்டும். இன்னொரு வழி பொது நிதியம். பிரிட்டனின் 2023 எரிசக்திச் சட்டம் ‘கடல் மீட்பு நிதியம்’ அமைக்க இடம் தந்தது. காற்றாலை நிறுவனங்கள் அதில் பணம் கட்டினால், ஈடுசெய் நடவடிக்கைகளைப் பெரிய அளவில் ஒன்றுசேர்த்துச் செய்யலாம். தனித்தனியாகச் செய்வதைவிட இது நல்லது என்றே நினைக்கிறேன். ஒரு கடற்பரப்பின் சிக்கல் ஒரே நிறுவனத்தின் எல்லைக்குள் அடங்குவதில்லை. ஆனால் நிறுவனம் ஒரே தவணையில் பணத்தைக் கட்டி ஒதுங்கிக்கொண்டால், பத்தாண்டு கழித்து ஏற்பாடு பொய்த்துப்போகும்போது செலவு நிதியத்தின் தலையில் விழும். கட்டணத்தைக் கணக்கிடும்போதே திருத்தத்துக்கான பங்கையும் சேர்க்காவிட்டால், இழப்பது பறவைதான்.

இந்தப் பங்கைச் சிலர் ‘எதிர்பாராச் செலவு’ என்ற தலைப்பில் போடுகிறார்கள். அது சரியல்ல. புயலில் தளம் சாய்ந்தால் அது எதிர்பாராதது. பறவை வராமல் போகலாம் என்பதோ முதல் நாளே தெரிந்த சாத்தியம்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். தகவு என்பது பழஞ்சொல். குறள் 114இல் நடுவுநிலைமை என்ற பொருளில் வருகிறது. தகுதி, பொருத்தம் என்றும் பொருள் உண்டு. உயிரியல் பாடநூல்கள் ‘அடாப்டேஷன்’ என்பதைத் தகவமைப்பு என்றே சொல்லிப் பழக்கிவிட்டன. அதில் ஒரு குறை உண்டு. பாலைவனச் செடி தலைமுறை தலைமுறையாகத் தகவமைவது அறிந்து செய்யும் செயல் அல்ல. மேலாண்மையில் நடப்பதோ அறிந்தே கற்றுத் திருத்துவது. எனவே துறை ஆவணங்களில் தகவமைப்பு மேலாண்மை என்று எழுதுவோம். பொதுமக்களுக்கான அறிக்கையிலும் செய்தியிலும் ‘கற்றுத் திருத்தும் மேலாண்மை’ என்று எழுதலாம், படித்ததும் புரியும். அதற்கான பணத்தைத் ‘திருத்த நிதி’ எனலாம். எடுத்துக்காட்டு: ‘கூடுதளங்களுக்கான திருத்த நிதியைக் காற்றாலை இயங்கும் காலம் முழுவதும் நிறுவனம் தனிக் கணக்கில் பேண வேண்டும்.’