எக்சோசோம்: தமிழில் என்ன சொல்வது?

கிரேக்கத்தில் எக்சோ என்றால் வெளி, சோமா என்றால் உடல். சொல்லைப் பிய்த்து 'வெளியுடல்' என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. செல்லுக்குள் பெரிய பை ஒன்றில் பல சிறு பைகள் அடைந்திருக்கும். பெரிய பை செல்சவ்வோடு ஒட்டித் திறந்துகொள்ள, உள்ளிருந்தவை வெளியே கொட்டும். அவைதான் எக்சோசோம்கள், குறுக்களவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். செல்சவ்வே மொட்டுவிட்டுக் கிள்ளுண்டு பிரிந்தால் அது எக்டோசோம்.

1981இல் ஆய்வாளர் டிராம்ஸின் குழுவினர் எக்சோசோம் என்று பெயரிட்டது, செல்சவ்விலிருந்து உதிர்ந்த பைகளுக்கு. அதாவது இன்றைய எக்டோசோம்களுக்கு! கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ் ஜான்ஸ்டோன், செம்மறியாட்டின் முதிரா இரத்தச் சிவப்பணுக்களை ஆராய்ந்து, 1987இல் அச்சொல்லை இப்போதைய பொருளில் நிலைநிறுத்தினார். போதாக்குறைக்கு 1997 முதல் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் புரதக் கூட்டொன்றுக்கும் இதே பெயர்.

சேதமான திசுவைச் சீராக்க முனையும் மீளாக்க மருத்துவத்துக்குள் இது வந்தது குருத்தணு ஆய்வின் வழியே. (ஸ்டெம் செல்லைத் 'தண்டு செல்' என்றால் தண்டுவடம்தான் நினைவுக்கு வரும், குருத்தணு தேவலை.) 2010இல் சிங்கப்பூரின் சாய் கியாங் லிம் குழு, மீசன்கைமல் குருத்தணுக்கள் (எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்புச் செல்களாக மாறக்கூடியவை) சுரந்த பைகளே சுண்டெலியின் இதயத் தசைச் சேதத்தைக் குறைப்பதாகக் காட்டியது. செல்லே தேவையில்லை, அது சுரப்பது போதும் என்ற எண்ணம் வலுத்தது.

ஆனால் குப்பிக்குள் இருப்பது எக்சோசோம்தானா? வழக்கமான பிரிப்பில் செல்கள் வளர்ந்த திரவமான வளர்ப்பு ஊடகத்தை 300 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 300 மடங்கு விசையில்) 10 நிமிடம், 2,000-இல் 10, 10,000-இல் 30 எனச் சுழற்றி, ஒவ்வொரு முறையும் மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கடைசியாக 100,000 ஜி-யில் 70 நிமிடம். இப்போது வேண்டியது அடியில் படியும் வண்டல். அதில் எக்சோசோம், சிறிய எக்டோசோம், புரதத் திரள் எல்லாம் கலந்தே கிடக்கும். ஊடகத்தில் கன்றுச் சீரம் (கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்த நீர்மம்) இருந்தால் மாட்டின் பைகளும் சேரும். எக்சோசோமின் அடையாளமாகக் கொள்ளப்படும் சிடி9, சிடி81 புரதங்கள் தென்பட்டாலும் பிறப்பிடம் நிரூபணமாகாது. எக்டோசோம்களிலும் அவை உண்டு.

அதனால்தான் இத்துறை ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் வெளியிட்ட 2018, 2023 மைசெவ் (MISEV) நெறிமுறைகள், பிறப்பிடத்தைக் காட்ட முடியாதவர்கள் 'எக்ஸ்ட்ராசெல்லுலர் வெசிகிள்' என்ற பொதுப்பெயரையே ஆளச் சொல்கின்றன. அந்தப் பொதுப்பெயருக்குத் தமிழில் 'புறச்செல் நுண்பை' பொருந்தும். செல்லைக் கலம் என்னும் இலங்கை வழக்கில் 'புறக்கல நுண்பை'. வெசிகிள் என்பதன் லத்தீன் மூலத்துக்கும் சிறு பை என்றே பொருள். குமிழி என்றால் உள்ளே காற்றுதான் என்று தோன்றும். இவை புரதமும் ஆர்.என்.ஏ.வும் சுமப்பவை.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எக்சோசோம் என்று விற்கப்பட்ட தயாரிப்புகளால் சிகிச்சை பெற்ற நோயாளிகளுக்கு ஏற்பட்ட கடும் பாதிப்புகளை அடுத்து, 2019 டிசம்பரில் அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வெளியிட்ட எச்சரிக்கை, அது ஒப்புதல் அளித்த எக்சோசோம் தயாரிப்பு ஏதும் இல்லை என்றது. விளம்பரத்தில் இச்சொல்லைக் கண்டால், எந்தச் செல்லிலிருந்து எடுத்தது, எப்படிப் பிரித்தது, மில்லிலிட்டருக்கு எத்தனை துகள் என்று கேளுங்கள்.