மலையக வானத்துக்கு முதல் தொலைகாட்டி: பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

மலையகத்தில் ஏழு மணிக்குப் பளிச்சென்று இருக்கும் வானம் எட்டு மணிக்குப் பனி மூடிக் காணாமல் போகும். ஒன்பது மணிக்குத் திரும்பவும் ஒரு அரை மணி நேரம் திறக்கும். ஹட்டன் பக்கத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இரவு வானம் காட்டிவரும் விஞ்ஞான ஆசிரியர் நான். தொலைகாட்டி வாங்கப் போகிறவர்களிடம் முதலில் இந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் பேசுவேன். அதற்குள் வெளியே தூக்கி வந்து, அசையாமல் நிறுத்தி, பிள்ளை கண் வைத்துப் பார்த்துவிட முடிகிற கருவிதான் நம்ம ஊருக்கு நல்ல தொலைகாட்டி.

ஆனால் பெற்றோர் ஃபோனில் படம் அனுப்பிக் கேட்பது வேறு. "சேர், இது 525 மடங்கு பெருசா காட்டும்னு போட்டிருக்கு. புள்ள கேட்டுக்கிட்டே இருக்கான், வாங்கவா?"

அந்த 525 எப்படி வந்தது என்று பாருங்கள். முன் வில்லையின் அகலம் 60 மில்லிமீற்றர், குவியத் தூரம் 700 மில்லிமீற்றர். கண் வைக்கும் இடத்தில் போடும் சின்ன வில்லையை ஐபீஸ் என்பார்கள். அதன் குவியத் தூரம் 4 மில்லிமீற்றர் என்றால், 700ஐ 4ஆல் வகுக்க 175 மடங்கு. பெட்டிக்குள் பெருக்கத்தை இன்னும் கூட்டுகிற 3 மடங்கு பார்லோ வில்லை ஒன்றும் கிடக்கும். 175 தர 3, 525. கணக்கு சரிதான். ஆனால் ஒரு தொலைகாட்டி பயனுள்ள அளவுக்குப் பெருப்பிப்பது, முன் வில்லையின் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 2 மடங்குதான். 60 மில்லிமீற்றருக்கு 120. அதற்கு மேலே போனால் படம் பெரிதாகும், கூடவே மங்கும், கலங்கும். புதிதாக ஒன்றும் தெரியாது. கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கு காட்டும் கருவியில்தான்.

நீங்கள் கேட்க வேண்டிய எண் முன் வில்லையின் அகலம்; வில்லைக்குப் பதில் ஆடி இருக்கும் வகை என்றால் அந்த ஆடியின் அகலம். ஒளி சேரும் அளவு அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60 மில்லிமீற்றரைவிட 130 மில்லிமீற்றர் ஆடி நாலரை மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும். மங்கலான நட்சத்திரக் கூட்டங்களைப் பார்க்க இதுதான் வேண்டும்.

அடுத்தது ஸ்டாண்ட். இதைப் பற்றி விற்கிறவர்கள் பேசுவதில்லை, ஆனால் பிள்ளைகளின் ஆசையைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். மெல்லிய அலுமினியக் கால்களில் நிற்கும் குழாயைத் தொட்டாலே வியாழன் துள்ளும். துள்ளல் அடங்குவதற்குள் பிள்ளையின் பொறுமை போய்விடும். பூமி சுழல்வதால் 100 மடங்கில் ஒரு கிரகம் இரண்டு நிமிடத்துக்குள் பார்வையை விட்டு வெளியேறிவிடும். வரிசையில் தம்பி, தங்கச்சி, அப்பாயி எல்லாரும் நிற்கும்போது திரும்பத் திரும்பத் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அந்தக் கால்கள் தாங்கவே தாங்காது.

கொஞ்சம் விலை கூடிய பெட்டிகளில் எடைக்கல் தொங்கும், சாய்ந்த அச்சுள்ள ஸ்டாண்ட் ஒன்று வரும். பார்க்க விஞ்ஞானிகள் கருவி போலவே இருக்கும். அதைச் சரியாக வைக்க ஒரு அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். நாம் இருப்பது வட அகலக்கோடு 7 பாகையில். இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். எதிரே ஒரு மலை இருந்தால் அது தெரியவே தெரியாது. நம்மில் எத்தனை பேர் வீட்டுக்கு வடக்கே மலை இல்லாமல் இருக்கிறது? பல ஸ்டாண்டுகளை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கவும் இடமிருக்காது. மேலும் கீழும், இடமும் வலமும் திருப்புகிற சாதாரண ஸ்டாண்ட் போதும். குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது மேசைமேல் வைக்கும் டொப்சோனியன் வகை, 114 அல்லது 130 மில்லிமீற்றர் ஆடி. பலகைப் பெட்டியில் குழாய் உட்கார்ந்திருக்கும். ஒரு உறுதியான முக்காலி கிடைத்தால் முடிந்தது. காற்றுக்கும் அசையாது, பிள்ளையே திருப்பலாம்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். இந்த வகை ஆடித் தொலைகாட்டியில் படம் தலைகீழாகத் தெரியும். வானத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலைப் பாதையின் விளக்கு வரிசையையும் அதே கருவியில் பார்க்க வேண்டும் என்றால், 70 அல்லது 80 மில்லிமீற்றர் வில்லைத் தொலைகாட்டி வாங்குங்கள். ஒளியை மேலே திருப்பிப் படத்தை நேராக்கும் முப்பட்டகத் துண்டும் அதனோடு இருக்க வேண்டும். நமக்குக் கிரகங்கள் பெரும்பாலும் தலைக்கு மேலேதான் போகும். அந்தத் துண்டு இல்லாமல் மண்டியிட்டுக் கழுத்தை முறித்துப் பார்க்க வேண்டிவரும்.

இவ்வளவுக்குப் பணம் இல்லையா? மட்டமான தொலைகாட்டியை வாங்காமல் பைனாகுலர் வாங்குங்கள். 7க்கு 50 அல்லது 10க்கு 50 என்று போட்டிருக்கும். முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன் வில்லையின் அகலம். இஸ்தோப்புத் தூணில் முழங்கையை ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நிலாக்கள் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். கார்த்திகைக் கூட்டம் பல தொலைகாட்டிகளின் பார்வைக்குள் முழுசாக அடங்காது, பைனாகுலரில் அழகாக அடங்கும். லயத்தில் இடம் குறைவான குடும்பங்களுக்கு எனக்கு மனமாரப் பிடித்த யோசனை இதுதான்.

எப்போது பார்ப்பது? போயா லீவில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், நிலவும் முழுசாக இருக்கும், அன்றைக்கே பார்ப்போம் என்று எல்லாரும் நினைப்பார்கள். நிலவைப் பார்க்க அது மோசமான இரவு. ஒளி நேராக விழுவதால் நிழல் இருக்காது, பள்ளங்கள் எல்லாம் தட்டையாகத் தெரியும். போயாவுக்கு ஒரு வாரம் முந்தி, வளர்பிறை அட்டமியை ஒட்டிப் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் விளிம்பு ஒவ்வொன்றும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். மங்கலானவற்றுக்கு அமாவாசையை ஒட்டிய நாட்கள். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கத்துக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்குக் கச்சான் மாதங்களில் மழை குறைவு.

பெட்டியோடு வரும் வான வரைபடம் பெரும்பாலும் வடக்கு நாடுகளுக்குப் போட்டது. நமக்குக் கிடைக்கும் தெற்கு வானம் அதில் இருக்காது. மே மாத இரவில் மழை விட்டால் தெற்கே தென்சிலுவையும், அதற்கு மேலே ஒமேகா சென்டோரி என்ற நட்சத்திரக் கோளமும் தெரியும். இலண்டனில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ஸ்டெல்லாரியம் செயலியில் உங்கள் ஊரைப் போட்டுக்கொண்டால் போதும். சனியின் வளையம் கோடு போலத் தெரிந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். 2025 மார்ச்சில் அது நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது, அதற்கப்புறம் வருடா வருடம் விரிந்து வருகிறது.

சூரியன் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். 2019 டிசம்பர் 26 கிரகணம் யாழ்ப்பாணத்தில் வளையமாகத் தெரிந்தது, மலையகத்தில் பகுதியாகத் தெரிந்தது. அந்த மாதிரி நாட்களில்தான் வீட்டுத் தொலைகாட்டி வெளியே வரும். ஐபீஸில் திருகிப் போடும் கறுப்புக் கண்ணாடி பெட்டியில் இருந்தால் இன்றைக்கே உடைத்து எறியுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கும். அந்தக் கணத்தில் கண் அங்கே இருக்கும். சூரிய வடிகட்டி என்றால் குழாயின் முன் வாயை முழுசாக மூட வேண்டும். பக்கத்தில் இருக்கும் சின்னத் தேடு குழாயையும் மூடுங்கள். பகலில் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை கையில் கொடுக்கவே வேண்டாம்.

கடைசியாக ஈரம். பொழுது சாயும்போதே தொலைகாட்டியை இஸ்தோப்பில் வைத்துவிடுங்கள். ஆடி குளிர்ந்து வெளிக்காற்றோடு ஒத்துப்போக அரை மணி நேரம் வேண்டும், அப்போதுதான் வானம் திறந்தவுடன் பார்க்கலாம். ஐபீஸில் மூச்சுப் பட்டு ஆவி படிந்தால் சேலைத் தலைப்பால் துடைக்காதீர்கள், கொஞ்ச நேரம் பொறுத்தால் தானாகக் காயும். உள்ளே கொண்டுவந்ததும் ஈரத்தோடு உறையில் போட்டு மூட வேண்டாம். காய்ந்தபின் ஐபீஸ்களையும் பைனாகுலரையும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். நம்ம ஈரக் குளிரில், அலுமாரிக்குள் ஒரு மழைக்காலம் கிடந்தாலே வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பைனாகுலர் வாங்குகிறவர்கள் கடையிலேயே முன்பக்கமாக டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். மெல்லிய நூல்கள் கிளைவிட்டுத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள்.