வேட்பாளரின் சிரிப்புக்கு வாக்கு விழுமா?

2021 ஜூலை 17 அன்று, ஜெர்மனியின் எர்ஃப்ட்ஷ்டட் நகரில், பெருவெள்ளத்தில் உயிரிழந்தவர்களுக்காக அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்-வால்டர் ஷ்டைன்மையர் இரங்கல் தெரிவித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்ற அர்மின் லாஷெட், பக்கத்தில் இருந்தவர்களோடு பேசிச் சிரித்தார். கேமராவில் அதுவும் பதிவாகிவிட்டது. லாஷெட் அந்த மாநிலத்தின் முதல்வர் மட்டுமல்லர்; ஏங்கலா மெர்க்கலுக்குப் பிறகு சான்சலர் பதவிக்குக் கிறிஸ்தவ ஜனநாயகக் கூட்டணி முன்னிறுத்திய வேட்பாளரும் அவரே. அன்றே அவர் மன்னிப்புக் கேட்டார். செப்டம்பர் 26 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி 25.7 விழுக்காடு வாக்குகளைப் பெற, லாஷெட்டின் கூட்டணி 24.1 விழுக்காட்டோடு பின்தங்கியது. அதற்கு முன் எந்த நாடாளுமன்றத் தேர்தலிலும் அக்கூட்டணி அவ்வளவு குறைவாக வாங்கியதில்லை.

அந்தச் சில நொடிச் சிரிப்புதான் தேர்தலில் அவரைத் தோற்கடித்தது என்று சொன்னால் அது மிகை. பதினாறு ஆண்டு ஆட்சியின் அலுப்பும் கூட்டணிக்குள் நடந்த பூசலும் அந்த முடிவில் இருந்தன. ஆயினும் சிரித்த முகம் வாக்கைத் தேடித் தரும் என்று உலகெங்கும் விளம்பர வல்லுநர்கள் நம்பிச் செலவழிக்கிற நிலையில், அதே சிரிப்பு ஒருவரை இவ்வளவு பாடுபடுத்தியது ஏன் என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது.

1980களில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் உளவியலாளர்களும் அரசியல் அறிஞர்களும் சேர்ந்து இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். குரங்கினங்களின் கூட்டத் தலைமையைக் கவனித்தவர்கள் வகுத்திருந்த பாகுபாட்டையொட்டி, தலைவர்களின் முகபாவங்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள்: மகிழ்ச்சியும் தேற்றுதலும், சினமும் மிரட்டலும், அச்சமும் நழுவலும். அன்றைய அதிபர் ரொனால்டு ரீகனின் தொலைக்காட்சிப் பதிவுகளிலிருந்து ஒவ்வொரு வகைக்கும் சிறு துண்டுகளை வெட்டியெடுத்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்ப்பவரின் கன்னத்திலும் புருவத்துக்கு மேலும் சிறிய மின்முனைகள் ஒட்டப்பட்டிருந்தன. வாயின் ஓரத்தை மேலே இழுக்கும் கன்னத்தசையும் புருவத்தைச் சுளிக்கவைக்கும் தசையும் இயங்கும்போது எழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் மிகச் சிறு பின்னம்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முகத்தில் எந்த அசைவும் தெரியாத போதும் கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1985இல் வெளியான முடிவு சுவையானது. என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது, ரீகனைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் அவரவர் சார்புக்கு ஏற்றபடி விடை சொன்னார்கள். தசைகளோ அப்படிக் கட்சி பிரிந்து நிற்கவில்லை. அவர் மலர்ந்த முகத்தோடு தோன்றியபோது எதிர்ப்பாளர்களின் கன்னத்தசையும் இணக்கமாகவே அசைந்தது. சினத்தையோ அச்சத்தையோ காட்டியபோது இரு சாராரிடமும் பதற்றத்தின் அறிகுறிகள் கூடின. வாய் ஒன்றைச் சொல்ல, உடல் வேறொன்றைச் செய்கிறது. சோதிக்கப்பட்டவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதையும், தசை அசைவதும் வாக்கு விழுவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

உண்மைத் தேர்தல்களிலும் இதைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் வேட்பாளர் படங்களை முகமறியும் மென்பொருளுக்குக் கொடுத்து, ஒவ்வொரு முகத்திலும் புன்னகை எவ்வளவு என்று மதிப்பெண் பெற்று, அதை வாக்கு விழுக்காட்டோடு ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வந்தது. கூடுதலாகச் சிரித்தவர்கள் பொதுவாகக் கூடுதல் வாக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் வெல்லப்போகிறோம் என்று தெரிந்தவன் படத்துக்கு நிற்கும்போது தானாகவே சிரிக்கிறான். கட்டுத்தொகை மிஞ்சுமா என்ற கவலையில் நிற்பவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? அது மட்டுமன்றி, பணமுள்ள கட்சிகள் நல்ல படப்பிடிப்பாளரை அமர்த்துகின்றன. கட்சி, பதவி, அனுபவம் போன்றவற்றைக் கணக்கில் கழித்தாலும் காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கும் ஐயம் முழுமையாகத் தீர்வதில்லை.

முகத்தை விட்டுச் சொல்லுக்குப் போனால் சான்று இன்னும் வலுவாகத் தெரிகிறது. உளவியலாளர்கள் ஹாரல்டு சுல்லோவும் மார்ட்டின் செலிக்மனும் 1900 முதல் 1984 வரையிலான அமெரிக்க அதிபர் தேர்தல்களில் இரு பெரும் கட்சி வேட்பாளர்களும் கட்சி தங்களை வேட்பாளராக அறிவித்ததை ஏற்று ஆற்றிய ஏற்புரைகளை எடுத்து, கெட்ட நிகழ்வுகளுக்கு அவர்கள் காரணம் சொன்ன வாக்கியங்களைத் தனியே பிரித்தார்கள். பேசியவர் யார் என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் அவற்றுக்கு மதிப்பெண் இட்டார்கள். "விலைவாசி ஏறியதற்கு இந்த ஆண்டு எண்ணெய் வரத்துக் குறைந்ததே காரணம்" என்பது போன்ற வாக்கியம் தீரக்கூடிய குறையைச் சொல்கிறது. "இந்த நாட்டின் அடித்தளமே அரித்துப்போய்விட்டது" என்பது எல்லாவற்றையும் என்றென்றைக்கும் மூடிவிடுகிறது. இரண்டாம் வகையில் எவ்வளவு பேசினார், துன்பத்தையே எவ்வளவு திரும்பத் திரும்பக் கிளறினார் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில், 22 தேர்தல்களில் 18இல் அவநம்பிக்கை மிகுந்தவரே தோற்றிருந்தார். நம்பிக்கையுள்ளவர்கள் ஓயாமல் ஊர் ஊராகச் சென்று பரப்புரை செய்ததும் தெரியவந்தது. ஆகவே அந்த வெற்றியில் கேட்டவர் மனம் இளகியதற்கு எவ்வளவு பங்கு, பேசியவர் கால் தேய நடந்ததற்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது எளிதல்ல.

எனக்கு அந்த 18ஐவிட மீதி நான்குதான் முக்கியமாகப் படுகிறது. அவற்றில் மூன்று, ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மீண்டும் மீண்டும் வென்ற தேர்தல்கள். பெருமந்தத்திலும் போரிலும் சிக்கியிருந்த மக்கள், இனிமையாகப் பேசிய எதிரியைவிட ஏற்கெனவே செய்துகாட்டியவரையே தேர்ந்தார்கள். நான்காவது, 1968. அந்த ஆண்டு ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம் மூண்டது. வியட்நாமிலிருந்து சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. அந்த நிலையில் ஏப்ரல் 27 அன்று அப்போதைய துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி தமது போட்டியை அறிவித்து, தம்முடையது 'மகிழ்ச்சியின் அரசியல்' என்றார். கேட்டவர்கள் பலருக்கு அது உறுத்தியது. ஏற்புரையிலும் எதிர்த்து நின்ற ரிச்சர்டு நிக்சனைவிட நம்பிக்கை தொனித்தவர் அவரே. இருந்தும் நவம்பரில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் தோற்றார்.

இந்த உறுத்தலை ஊடக ஆய்வாளர்கள் எரிக் பூசியும் ஜான் நியூஹேகனும் 1990களின் இறுதியில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். செய்திக் காட்சிகளையும், அவற்றையொட்டி அதிபர் பில் கிளின்டன் காட்டிய முகபாவங்களையும் இணைத்துப் பார்வையாளர்களுக்குக் காட்டியபோது, முகபாவத்தின் இனிமையைவிட அது செய்திக்குப் பொருந்துகிறதா என்பதையே அவர்கள் எடைபோட்டார்கள். பொருந்தியிருந்தால் கேள்வி எழாமல் கடந்துபோகிறார்கள். பொருந்தாவிட்டால் மனம் அங்கேயே நின்று, இவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று துருவத் தொடங்குகிறது. எர்ஃப்ட்ஷ்டட்டில் நடந்தது அதுதான். அதே சிரிப்பு ஒரு கட்சி விழாவில் வந்திருந்தால் யாரும் அதைக் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

சூழலைச் சில சமயம் கருவியே வெட்டிவிடுகிறது. 2004 ஜனவரி 19 இரவு, அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் அயோவா மாநிலத்தில் மூன்றாம் இடம் பிடித்த ஹாவர்டு டீன், தொண்டர்களை உற்சாகப்படுத்த மாநிலங்களின் பெயர்களை அடுக்கி உரக்கக் கத்தினார். அரங்கில் இருந்தவர்களுக்குக் கூட்டத்தின் ஆரவாரத்தில் அவர் குரல் அரைகுறையாகத்தான் கேட்டது. அவர் கையில் இருந்ததோ சுற்றுப்புற ஓசையை விலக்கி, வாயருகே வருவதை மட்டும் வாங்கும் மைக். வீட்டில் தொலைக்காட்சி முன் இருந்தவர்களுக்கு, அமைதியான அறையில் ஒருவர் காரணமின்றி வீறிடுவதாகக் கேட்டது. அந்தத் துண்டு நூற்றுக்கணக்கான முறை ஒளிபரப்பானது. மூன்றாம் இடத்துக்கு வந்தபோதே அவரது வண்டி தடம் புரண்டிருந்தது என்றாலும், மக்கள் நினைவில் தங்கியது அந்தக் கத்தல்தான்.

சமீபத்திய சான்று இந்தோனேசியா. முன்னாள் சிறப்புப்படைத் தளபதி பிரபோவோ சுபியந்தோ 2014, 2019 ஆகிய இரு தேர்தல்களிலும் ஜோகோ விடோடோவிடம் தோற்றவர். கடுகடுத்த முகத்தோடு, உரைமேடையை ஓங்கி அடித்து முழங்கியவர். 1998இல் ஆர்வலர்கள் கடத்தப்பட்ட விவகாரத்தில் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டவரும்கூட. 2024 தேர்தலில் 72 வயதில் அவரே மேடைகளில் குறும்பாக ஆடினார். கன்னம் உப்பிய கேலிச்சித்திரப் பதாகைகளில் சிரித்தார். டிக்டாக் முழுவதும் 'கெமோய்' என்று, அதாவது கொஞ்சத் தோன்றும் தாத்தாவாக, கொண்டாடப்பட்டார். பிப்ரவரி 14 அன்று முதல் சுற்றிலேயே சுமார் 58 விழுக்காடு பெற்று வென்றார். விடோடோவின் மூத்த மகன் துணை அதிபர் வேட்பாளராக உடன் நின்றதும், செல்வாக்குக் குறையாத அதிபரின் மறைமுக ஆதரவும் இதில் பெரும்பங்கு வகித்தன. ஆடியதால் மட்டும் வந்த வெற்றி என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களில் பலர் 1998இல் சிறுவர்களாக இருந்தார்கள் அல்லது பிறக்கவே இல்லை. சிரிக்கும் முகத்துக்கு எதிராக நிறுத்திப் பார்க்க வேண்டிய பழைய முகம் அவர்கள் நினைவில் இல்லாததால், பொருந்தாமை என்ற உறுத்தல் எழ வழியே இல்லாமல் போயிற்று.